வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்

இதை எனக்கு முதலில் சொன்னது ஹெப்சிபாதான். வேறு யார் வாய் வழியாகவும் வரவில்லை. போன லெந்து தவக்காலத்தில் மூன்றாவது புதன்கிழமை, எங்கள் கோயிலில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் முடிந்து மற்றவர்கள் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது, என்னோடு பாய் சுருட்டிக்கொண்டே சொன்னாள். சொல்லி முடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு சனிக்கிழமை ஆபீஸ் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தது இரண்டு மணி நேரம். சொன்னது பாதி, சொல்லும்போது அவள் முகம் போன போக்கு மீதி. இரண்டையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

பதினொரு மணி. தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையோரம், இறாலை உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனியின் மாடி. கம்ப்யூட்டரில் ஒரு வெள்ளைப் பக்கம் திறந்திருந்தது, அதன் முன்னால் ஹெப்சிபா இருந்தாள், தலைக்கு மேலே மின்விசிறி தன் பாட்டுக்குக் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. நாற்பத்து நாலு வயதில் எம்.பி.ஏ. படிக்கக் கிளம்பியிருந்தாள். மதுரையில் ஒரு கல்லூரி, வேலையில் இருப்பவர்களுக்காகச் சனியும் ஞாயிறும் மட்டும் வகுப்பு, இரண்டு வருஷம். மார்க் ஷீட் அனுப்பியாயிற்று, போட்டோ அனுப்பியாயிற்று, ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்ற கட்டுரையை ஆறு விடியற்காலம் உட்கார்ந்து எழுதி அதையும் அனுப்பியாயிற்று. மிச்சம் ஒரே ஒரு தாள். மேலதிகாரியின் பரிந்துரையும், சனிக்கிழமை வகுப்புக்குப் போக ஆட்சேபணை இல்லை என்ற சம்மதமும், இரண்டும் அந்த ஒரே தாளில், ஒரே கையெழுத்தில் வரவேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கல்லூரி விண்ணப்பத்தை மூடிவிடும். பொது மேலாளர் கோமதிநாயகம் சார் ஒரு மணிக்குத் தென்காசிக்குக் கிளம்பிவிடுவார், மைத்துனரின் புது வீட்டுப் பால்காய்ப்பு. ஐந்து நாளாக அந்தத் தாள் அவர் மேஜையில் கிடந்தது. இன்று காலையில் அதை அப்படியே எடுத்துத் திருப்பிக் கொடுத்து, இதெல்லாம் எழுத நமக்கு எங்கேம்மா நேரம், நீயே எழுதிக்கிட்டு வா, நான் போட்டுடுதேன் என்றார். அவளும் சரி சார் என்றாள். அந்தச் ‘சரி சார்’ இப்போது தொண்டையில் முள்ளாக நின்றது. சோற்றை உருண்டை பிடித்து விழுங்கினாலும் இறங்காத முள். அவர் ஒன்றும் புதிதாகச் சொல்லிவிடவில்லை, அந்த ஆபீசில் அதுதான் வழக்கம், யாருக்குக் கடிதம் வேண்டுமோ அவர்களே எழுதிக்கொண்டு போக வேண்டும், எழுத வராதவர்களுக்கு ஹெப்சிபா எழுதிக் கொடுப்பாள். துபாய்க்குப் போன எலக்ட்ரீசியனுக்கு, வீட்டுக் கடன் கேட்ட சூப்பர்வைசருக்கு, மகனுக்குப் பள்ளியில் இடம் கேட்ட வாட்ச்மேனுக்கு. அந்தக் கட்டிடத்தில் இருக்கிற அத்தனை பேரின் நற்குணமும் அவள் கையால் பிறந்ததுதான். சார் போடுவது கையெழுத்து மட்டும். அதுவும் எப்படி, மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் இருக்க இடது உள்ளங்கையை விரித்து எழுத்தின் மேலேயே அழுத்திக்கொண்டு, கீழே மிச்சம் இருக்கிற வெள்ளையில் ஒரு சுழி. பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கைக்கு அடியில் என்ன இருக்கிறதென்று அவர் பார்த்து அவள் பார்த்ததில்லை. நம்பிக்கைம்மா என்பார். அதை இத்தனை காலம் நகை மாதிரிப் போட்டுக்கொண்டு திரிந்தாள். இன்றைக்குக் கழற்றி உரசிப் பார்த்தால் பித்தளை.

முதல் கேள்வி, விண்ணப்பதாரரை எவ்வளவு காலமாக, எந்த வகையில் அறிவீர்கள். பத்தொன்பது வருஷம் என்று தட்டினாள். எந்த வகையில்? விரல் நின்றுவிட்டது. அறிந்தது யார், யாரை? அவருக்குச் சர்க்கரை மாத்திரை பதினொன்றரைக்கு என்பது அவளுக்குத் தெரியும். அவர் மகளுக்கு முதல் வரன் தட்டிப்போனது தெரியும், எந்த வங்கி மேலாளரோடு பேச்சில்லை என்று தெரியும், பொய் சொல்லும்போது காது மடலைத் தேய்ப்பார் என்று தெரியும். அவருக்கு அவளைப் பற்றி என்ன தெரியும்? போன கிறிஸ்மஸுக்குக் கேக் கொண்டுபோய் வைத்தபோது, பையன் என்ன படிக்கான் என்று கேட்டார். ரெண்டும் பொண்ணு சார். ஓ, ரெண்டும் பொண்ணா. முந்தின கிறிஸ்மஸுக்கும் அதே ‘ஓ’, அதற்கு முந்தினதற்கும். பத்தொன்பது கேக் தின்ற வாய். சீ, என்ன நினைப்பு இது, தின்றதைச் சொல்லிக் காட்டுகிற நினைப்பு, அம்மா இருந்தால் வாயிலேயே போட்டிருப்பாள். ஆனால் நினைப்பு நிற்கவில்லை. இரண்டாவது கேள்வி, விண்ணப்பதாரரின் சிறப்பான திறமைகள். ‘கடின உழைப்பாளி’ என்று அடித்தாள், அழித்தாள். எலக்ட்ரீசியனுக்கும் அதுதான் போட்டிருந்தது. ‘நேர்மையானவர்’, அழித்தாள். யார் சொல்வது? அவளே சொல்லிக்கொள்வதா? சம்பளம் வாங்குகிற இடத்தில் நின்றுகொண்டு நான் நல்லவள், நான் நல்லவள் என்று நெஞ்சைத் தட்டுவதா? கோயிலில் சாட்சி சொல்லக் கூப்பிட்டாலே கடைசி வரிசையில் தலை குனிகிறவள். ஆனால் ரூபனுக்கு எழுதினாளே. ரூபனுக்கு எழுத எவ்வளவு நேரம் ஆயிற்று? பத்து நிமிஷம். ஏழு வருஷத்துக்கு முன்னால் இந்த மேஜையின் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்த பையன், பேக்கிங் லிஸ்டைத் தலைகீழாகப் பிடித்தவன், அவள் டிபன் பாக்ஸிலிருந்து பாதி தின்றவன். மூணு வருஷத்துக்கு முன்னால் இதே கல்லூரி, இதே தாள். அக்கா, நீங்க எழுதினா அது தனி அழகுக்கா என்றான். ‘சொல்லிக் கொடுக்காமலே கற்றுக்கொள்கிறவர்’ என்று எழுதினாள், இரண்டு வருஷம் மூச்சு முட்டச் சொல்லிக் கொடுத்தவள். ‘பிறவித் தலைவர்’ என்று எழுதினாள். சக ஊழியர்களோடு ஒப்பிட்டால் எத்தனாவது இடம் என்று பன்னிரண்டு வரிசைக் கட்டங்கள் இருந்தன, பன்னிரண்டிலும் ‘முதல் ஐந்து சதவீதம்’ கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டே போனாள், பட்டாணி உரிக்கிற மாதிரி. இப்போது அவன் கண்ணாடி அறைக்குள் உதவிப் பொது மேலாளர். இவளுடைய வருஷ விடுப்புக்கு அவன் சம்மதிக்க வேண்டும். அவன் மேல் தப்பில்லை, அட்மிஷன் கிடைத்த அன்று அரைக் கிலோ அல்வா வாங்கி வந்தான், அக்கா உங்களாலதான் என்று காலைத் தொட வந்தான், இவள்தான் பின்வாங்கினாள். அவன் மேல் தப்பில்லை, அவன் மேல் தப்பில்லை என்று இன்றைக்கு எத்தனை தடவை சொல்லியாயிற்று. தப்பில்லாதவன் மேல் இத்தனை கோபம் வருமா? அந்தப் பன்னிரண்டு டிக்கும் யார் முகத்தை வைத்துக்கொண்டு போட்டாள்? முதல் ஐந்து சதவீதம் என்றால் என்ன என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது? தன்னைத்தான் பார்த்து எழுதியிருக்கிறாள். தன் அளவில் சட்டை தைத்து அவனுக்குப் போட்டு அனுப்பியிருக்கிறாள். இப்போது தனக்கு என்று துணியை எடுத்தால் கத்தரிக்கோல் ஓட மாட்டேன் என்கிறது.

ஓடாததற்குக் காரணம் கூச்சம் மட்டுமில்லை, தொழிலும்தான். சேர்ந்த முதல் வருஷம் ஒரு கண்டெய்னர். பேக்கிங் லிஸ்ட் என்பது உள்ளே என்ன போகிறது என்று சொல்கிற தாள், அவ்வளவுதான். ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றெட்டு அட்டைப் பெட்டி ஏறியிருந்தது. கீழே நின்ற சூப்பர்வைசர், ரெண்டு பெட்டிதானே, சும்மா ரவுண்டாப் போடுங்கம்மா என்றார். ஆயிரத்து இருநூறு என்று போட்டாள். எங்கோ பெயர் வாயில் நுழையாத துறைமுகத்தில் எண்ணிப் பார்த்தார்கள். இருபத்துமூன்று நாள் அந்தப் பெட்டி அங்கேயே நின்றது. அந்த இருபத்துமூன்று நாளும் அவள் சாப்பாட்டில் கை வைக்கும்போதெல்லாம் இறால் உருகுகிற வாடை வந்தது, உருகவே இல்லை, குளிரில்தான் வைத்திருந்தார்கள், இருந்தாலும் வந்தது. மூத்தவளுக்கு அப்போது பால்குடி மறக்கவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ஆண்டவரே இனி உள்ளே இருக்கிறதை மட்டும்தான் எழுதுவேன் என்று பொருத்தனை பண்ணினாள். பண்ணினபடியே இருந்தாள். அதற்குப் பிறகு இத்தனை ஆயிரம் தாளில் ஒன்று திரும்பி வந்ததில்லை. அந்தப் பொருத்தனையை ரூபனுக்காக எவ்வளவு சுலபமாக மீறினாள்! எலக்ட்ரீசியனுக்காக, வாட்ச்மேனுக்காக. மற்றவர்களைப் பற்றி எழுதும்போது பெட்டிக்கு மேல் பெட்டியாக இல்லாத சரக்கெல்லாம் ஏற்றலாம், தன்னைப் பற்றி என்றால் இருக்கிற சரக்கையும் எடுத்து வெளியே வைக்கிறது கை. என்ன நியாயம் இது. யார் போட்ட சட்டம். பதினொன்று நாற்பது. வெள்ளைப் பக்கத்தில் ‘பத்தொன்பது வருஷம்’ என்பது மட்டும் தனியாக நின்றது, கூட வந்தவர்கள் இறங்கிப் போனபின் பஸ்ஸில் தூங்கிவிட்ட ஆள் மாதிரி.

சரி, ரூபனுக்கு எழுதினதையே எடுத்துப் பெயரை மாற்றிப் போட்டுவிடலாம் என்றுதான் பழைய கடிதங்கள் இருக்கிற ஃபோல்டரைத் திறந்தாள். எல்லாம் அவள் சேர்த்து வைத்தவை, வருஷ வாரியாக, மாத வாரியாக, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். படிப்பு என்று போட்டுத் தேடினாள். இரண்டு கடிதம் வந்தது. ஒன்று ரூபனுடையது. இன்னொன்று ஒன்பது வருஷத்துக்கு முந்தினது. இது என்ன என்று திறந்தாள். கொச்சியில் இருக்கிற தலைமை அலுவலகத்துக்குப் போன பதில். கம்பெனி செலவில் வாரக் கடைசி மேலாண்மைப் படிப்புக்கு ஒவ்வொரு கிளையிலிருந்தும் இரண்டு பேரை அனுப்பலாம், உற்பத்தியில் ஒருவர், ஆவணத்தில் ஒருவர், பெயர் கொடுங்கள் என்று அங்கிருந்து கேட்டிருந்தார்கள். பதிலில் உற்பத்திப் பிரிவுக்கு ஒரு பெயர் இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி. ஆவணப் பிரிவில் தகுதியும் ஆர்வமும் உள்ளவர் எவரும் தற்போது இல்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். கீழே சாரின் சுழி. தட்டச்சு செய்தவர் என்ற இடத்தில், சின்ன எழுத்தில், அவளுடைய முதலெழுத்து. ஒரு தடவை வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். அன்றைக்கு ஆவணப் பிரிவில் எத்தனை பேர்? மூன்று பேர். நாலு மாதத்தில் ஓய்வு பெற இருந்த அருமைநாயகம் அண்ணாச்சி ஒருவர். சேர்ந்து ஆறு வாரமான இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி. பிறகு யார்? எண்ணினாள், பெட்டி எண்ணுகிற மாதிரி விரல் வைத்து எண்ணினாள். அண்ணாச்சி ஒன்று, அந்தப் பிள்ளை இரண்டு. மூன்றாவது விரலில் வந்து நின்றபோது காதுக்குள் சூடாக ஏதோ திறந்துகொண்டது.

அந்த மத்தியானம் அப்படியே வந்தது. சார் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஒரு சுளை வாயில் போட்டுக்கொண்டு, நம்ம பக்கத்துல யாரு இருக்கா, ஒருத்தரும் இல்லைன்னு போட்டுடும்மா என்றார். அவர் எப்போதும் தமிழில் சொல்வார், அவள்தான் அதை ஆங்கிலமாக்கித் துணி மடிக்கிற மாதிரி மடித்துக் கொடுப்பாள். ஒருத்தரும் இல்லை. அது மொட்டையாக இருந்தது. தலைமை அலுவலகத்துக்கு இப்படியா எழுதுவது என்று அவளுக்குத் தோன்றிற்று. தகுதியும் ஆர்வமும் உள்ளவர் என்று சேர்த்தாள். தற்போது என்று சேர்த்தாள். பிறகும் கொஞ்சம் விறைப்பாகத் தெரிந்தது, வருத்தத்துடன் என்று சேர்த்தாள். சார் சொன்னதில் வருத்தமே இல்லை. வருத்தத்தை அவள்தான் போட்டாள். எடுத்துக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கினாள், அவர் ஒரு சுளையை அவளிடம் நீட்டினார், வாங்கித் தின்றாள். இனிப்பாகத்தான் இருந்தது. ஒருத்தரும் இல்லை என்று எழுதின கையால் வாங்கித் தின்றாள், அந்த ஒருத்தரில் தான் சேர்த்தி என்று ஒரு நொடி, ஒரு பாதி நொடி, மண்டைக்குள் வந்ததா? வரவில்லை. அதுதான், அங்கேதான், அங்கேயே வந்து வந்து முட்டிக்கொண்டது நினைப்பு. அவர் மறைத்துச் செய்திருந்தால் சபிக்கலாம். முதுகுக்குப் பின்னால் செய்திருந்தால் அழலாம். அவள் முகத்துக்கு நேரே சொல்லி, அவள் கையாலேயே எழுத வைத்து, ஆரஞ்சும் கொடுத்திருக்கிறார், அதில் அவருக்கு எந்தக் கள்ளமும் இல்லை, காது மடலைக்கூடத் தேய்க்கவில்லை. அவளை விலக்கிவிட வேண்டும் என்று நினைத்திருந்தால்கூட அவள் அங்கே இருந்ததாக ஆகும். நினைக்கவே இல்லை. மின்விசிறியைப் பார்த்து ஒருத்தரும் இல்லை என்று சொல்வது போலச் சொன்னார், மின்விசிறியும் சுற்றிக்கொண்டே இருந்தது. முப்பத்தைந்து வயது அவளுக்கு அப்போது. நல்ல வயது. இரண்டு பிள்ளைகளையும் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள், உயிரோடு இருந்தாள். போயிருக்கலாம். கம்பெனிச் செலவில் போயிருக்கலாம். ஒன்பது வருஷத்தை யார் கொடுப்பார்.

ஜெபம் பண்ணலாம் என்று கண்ணை மூடினாள். ஆண்டவரே என்று ஆரம்பித்தால் அடுத்தது வரவில்லை. எப்போதும் தானாக வருவது, அரிசி களையும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் வருவது, வரவில்லை. ஆண்டவரே, ஆண்டவரே. சமாதானம் தாரும் என்று கேட்க வேண்டும், வேண்டாம் என்று உள்ளே ஒருத்தி அடம்பிடித்தாள். யார் இவள்? இத்தனை வருஷம் எங்கே இருந்தாள்? வீட்டிலும் நேற்று இவள்தான் எட்டிப் பார்த்திருக்கிறாள். புருஷன் ஸ்டான்லி சாப்பிட்டுக்கொண்டே, நாப்பத்தி நாலு வயசுல பையத் தூக்கிட்டு மதுரைக்குப் போயி, ஞாயித்துக்கிழமை ஆராதனையும் விட்டு, எதுக்கு என்றார். வேண்டாம்னு சொல்லலை, எதுக்குன்னுதானே கேக்கேன். நல்ல மனுஷன், விண்ணப்பத்துக்குப் போட்டோ எடுக்க அவர்தான் வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். ஆனாலும் அந்த எதுக்கு. ரூபனிடம் ஒருத்தராவது எதுக்கு என்று கேட்டார்களா? அவனுக்கு எல்லாரும் எப்போ என்றுதான் கேட்டார்கள். சாம்பார்க் கரண்டியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள், ஸ்டான்லி நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். எதுக்கு என்றால், கொச்சியிலிருந்து வருகிற ஒவ்வொரு கடிதத்தையும் முதலில் புரிந்துகொள்கிறவள் அவள், புரிந்துகொண்டதைக் கூட்டத்தில் எழுந்து சொல்கிறவர்கள் வேறு ஆட்கள். ஒரு தடவையாவது தானே எழுந்து சொல்ல வேண்டும். அதுக்கு. இதைச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் எப்படிச் சொல்வது. கண்ணைத் திறந்தபோது மேஜைக்குப் பக்கத்தில் ரூபன் நின்றுகொண்டிருந்தான், ஏதோ கோப்பு கேட்டு வந்தவன். தாளைப் பார்த்துவிட்டு, இன்னுமாக்கா எழுதலை, எனக்குன்னா பத்து நிமிஷத்துல தந்தீங்களே என்று சிரித்தான். நாலாவது செமஸ்டர் பைனான்ஸ் இருக்குக்கா, பாத்து, எனக்கே தலைசுத்திருச்சு என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். எனக்கே என்றான். கோப்பை எடுத்துக் கொடுத்தாள். அவன் போன பிறகு மணி பார்த்தாள், பன்னிரண்டு பத்து. இந்தத் தாள் போகாவிட்டால் அடுத்த சேர்க்கை அடுத்த வருஷம். அடுத்த வருஷம் பெரியவளுக்குக் கல்யாணப் பேச்சு. அதற்கடுத்து எதுவோ. இன்றைக்கு இல்லை என்றால் இல்லை. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

வெள்ளைப் பக்கத்துக்குத் திரும்பினாள். ரூபனின் கடிதத்தை மூடினாள். ஒன்பது வருஷத்துக்கு முந்தின கடிதத்தை மட்டும் பக்கத்தில் திறந்தபடியே வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள், எழுத ஆரம்பித்ததும் கை ஓடிற்று, ஏனென்றால் இப்போது அவள் எழுதினது பாராட்டு இல்லை, சரக்கு விவரம். கோமதிநாயகம் சார் சொல்வதாகத்தான் எழுதினாள், ஆனால் உள்ளே இருக்கிறதை மட்டும் எழுதினாள். இவர் பத்தொன்பது வருஷமாக இந்த அலுவலகத்தின் ஏற்றுமதி ஆவணங்களைத் தயாரிக்கிறார். இவர் தயாரித்ததில் பிழையால் நிறுத்தப்பட்டது ஒன்று, முதல் வருஷத்தில், பிழை இவருடையது. அதன்பின் இல்லை. இவர் வேலை கற்றுக்கொடுத்தது ஏழு பேருக்கு. அதில் நாலு பேர் இன்று இவருக்கு மேல் பதவியில் இருக்கிறார்கள். ஊர் வெள்ளத்தில் கிடந்த டிசம்பரில், முழங்கால் தண்ணீரில் நடந்து ஜெனரேட்டர் உள்ள ஒரு வீட்டைத் தேடிப் போய், முப்பத்தொரு கண்டெய்னருக்கான தாள்களை இரண்டு நாளில் மாற்றி எழுதினார். அந்த மாதப் பாராட்டுச் சான்றிதழ் உற்பத்திப் பிரிவுக்குக் கொடுக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் தேதி தேடிப் போட்டாள். குறைகள் என்ன என்ற கேள்வி வந்தது. எல்லாரும் அங்கே, அளவுக்கு மீறி உழைப்பார் என்று பாராட்டையே குறையாக வேஷம் கட்டி அனுப்புவார்கள், அவளே அப்படி எத்தனை பேருக்குக் கட்டியிருக்கிறாள். தனக்கென்று கேட்கத் தெரியாதவர் என்று எழுதினாள். மறுக்க வேண்டிய இடத்தில் சரி சார் என்று சொல்லிவிடுவார் என்று எழுதினாள். பன்னிரண்டு கட்டங்களில் எட்டில் முதல் ஐந்து சதவீதம், மூன்றில் பத்து, கூட்டத்தில் பேசும் திறமைக்குக் கீழ்ப்பாதி. எழுதி முடித்துவிட்டாள், முடிக்கலாம், மணியும் பன்னிரண்டு ஐம்பது. ஆனால் கை அதுவாகவே இன்னும் ஒரு வரி போட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன் தலைமை அலுவலகம் பெயர் கேட்டபோது இவர் பெயரை நான் அனுப்பவில்லை. தகுதியுள்ளவர் எவரும் இல்லை என்று நான் சொன்ன பதிலை எழுதியவரும் இவர்தான், இந்தக் கடிதத்தை எழுதியவரும் இவர்தான். பார்த்தாள். அழிக்க விரலைக் கொண்டுபோனாள். இது சரக்கில் இல்லையா? இருக்கிறது. அச்சுக்குக் கொடுத்துவிட்டாள். இயந்திரம் தாளை வெளியே தள்ளுகிற அந்தச் சின்ன நேரத்தில்தான் பயம் முழுசாக வந்து மேலே விழுந்தது.

பயப்பட என்ன இருந்தது? அவர்தான் வாசிக்க மாட்டாரே. கையை விரித்துப் போடுவார், சுழிப்பார், முடிந்தது, ஐந்து மணிக்குள் போய்ச் சேரும், கல்லூரிக்காரர்கள் வாசித்துக்கொள்ளட்டும். படி இறங்கும்போது அதையே நினைத்துக்கொண்டு இறங்கினாள், வாசிக்க மாட்டார், வாசிக்க மாட்டார். கீழே கார் உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே சாரின் வீட்டம்மா மடியில் பூக்கூடையோடு. சார் ஒரு காலைக் காருக்குள் வைத்துவிட்டார். கொண்டா கொண்டா என்று தாளை வாங்கி, காரின் கூரைமேல் வைத்து, இடது உள்ளங்கையை விரித்து எழுத்தின் மேல் அழுத்தினார். மோதிரம் வெயிலில் மின்னிற்று. அந்தக் கை அப்படியே, அத்தனை வரியையும், வெள்ளத்தையும், முப்பத்தொரு கண்டெய்னரையும், முப்பத்தைந்து வயதையும் மூடிக்கொண்டு கிடந்தது. பேனா மூடி கழன்றது. பேசாமல் இருந்தால் போதும். இரண்டு நொடி. இரண்டு நொடி பேசாமல் இருந்தால் போதும்.

“சார், கையை எடுத்துட்டு ஒரு தடவை வாசிங்க.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. நேரமாகுதும்மா என்றார். வாசிச்சுட்டுப் போடுங்க சார் என்றாள் மறுபடியும், குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது. சார் கண்ணாடியைத் தேடி மாட்டினார். வாசித்தார். வீட்டம்மா ஜன்னலை இறக்கி, நல்ல நேரம் போயிரும் என்றார்கள். அவர் ஒரு விரலைத் தூக்கி நிறுத்தச் சொல்லிவிட்டு வாசித்தார். அவள் அவர் கண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், இதோ முதல் வருஷத்துப் பிழை, இதோ ஏழு பேர், இதோ டிசம்பர். கடைசி வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார். கிழித்துப் போடப் போகிறார் என்று நினைத்தாள். போடட்டும் என்றும் நினைத்தாள். ஒரு கையால் வாயிலைக் காட்டிவிடுவார், பத்தொன்பது வருஷம், சின்னவளுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு, ஸ்டான்லியிடம் என்ன சொல்வது. இந்தக் கடைசி வரி இருக்கணுமாம்மா என்று கேட்டார். நடந்ததுதானே சார் என்றாள். அவர் அந்த நாளை யோசிப்பது தெரிந்தது, யோசித்தும் ஒன்றும் கிடைக்காததும் தெரிந்தது. அவருக்கு ஞாபகமே இல்லை. பேனாவை எடுத்தார், இந்தத் தடவை தாளை ஓரத்தில் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார், முழுப் பெயரையும் போட்டார். தாளை நீட்டிக்கொண்டே, ரொம்பப் பிரியமாக, தகப்பன் மாதிரிச் சிரித்துக்கொண்டு சொன்னார்.

“நீ அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் பேரைப் போட்டிருப்பேனேம்மா.”

காது மடலைத் தேய்க்கவில்லை. உண்மையாகவே சொன்னார். போட்டுத்தான் இருப்பார். கார் வாயிலைத் தாண்டித் திரும்புகிற வரைக்கும் ஹெப்சிபா கையில் தாளோடு நின்றாள். கேட்டது கிடைத்தாயிற்று, எழுத்து ஒன்று குறையாமல் கிடைத்தாயிற்று, அப்படியிருந்தும் மேலே இருந்தபோது வந்த கோபமெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி இப்போது ஒன்று உள்ளங்காலிலிருந்து ஏறி வந்தது. ஒரு வார்த்தை. அவள் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தைதான் குறையாம். படியேறிப் போய்த் தாளைப் படமெடுத்து ஒன்றேகால் மணிக்கு அனுப்பினாள், வந்து சேர்ந்தது என்று கல்லூரியிலிருந்து பதிலும் வந்தது. அதற்குப் பிறகு கொண்டுபோன சாப்பாட்டைத் திறந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாளாம். அவ்வளவு பசி.

இதைச் சொல்லி முடித்தபோது பாய்கள் எல்லாம் சுவரோரம் சேர்ந்துவிட்டன. அவள் கண் சிவந்திருந்தது, அழுதது மாதிரி இல்லை. நான் எப்போதும் செய்கிறபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்தக் கோபம் உன்னைவிட்டுப் போகும்படி ஜெபம் பண்ணுவோமா ஹெப்சி என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தது அதுதான். அவள் கையை உருவிக்கொள்ளவில்லை, ஆனால் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

“பதினேழாந்தேதி மதுரையில இண்டர்வியூக்கா. அதுவரைக்கும் இதுக்காக மட்டும் ஜெபம் பண்ணாதீங்க.”